துண்டில் படிந்த சிவப்பு

அன்பு மச்சான் தங்கவேலுக்கு,

நீ போன இடத்தில் ஆறு இருக்கிறதா? இருந்தால் இந்நேரம் கரையோரம் குந்தியிருப்பாய். தண்ணீர் கலங்கலா தெளிவா என்று பார்த்து, எந்த நிறப் பூச்சியைப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பாய். இங்கே வேலம்பாளையத்தில் மழை பிடித்திருக்கிறது. தையல் மெஷின்கள் ஓடுகின்றன. வீட்டில் ஸ்டெல்லா நலம். நான் நலமா என்று கேட்டால் உடனே ஆமாம் என்று சொல்ல முடியாது. நீ போனதிலிருந்து என்னைப் பார்க்கிற கண்ணெல்லாம் வேறு மாதிரி ஆகிவிட்டது மச்சான்.

ஊருக்குள் நீ எனக்கு ஓனர், ஆற்றங்கரையில் மச்சான். இந்தக் கடிதத்தில் இனிமேல் மச்சான்தான்.

உன் கம்பெனிக்கு நான் சாம்பிள் தைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆர்டர் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது தன்னுடைய தூண்டில் கழியையும் ஒரு தகர டப்பாவையும் உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். டப்பா நிறையப் பூச்சிகள். உயிருள்ளவை இல்லை. தூண்டில் முள்ளின் மேல் கம்பளி இழையும் இறகும் சுற்றிக் கட்டிய பொய்ப் பூச்சிகள். தண்ணீரில் விழுந்தால் மீன் நிஜம் என்று நம்பிக் கவ்வும். நீ ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "உன்ற கைக்கு இது வருமா, பாரு" என்றாய். நான் ஊசியும் நூலும் பிடிக்கிறவன். எனக்கு வந்தது.

உன் வீட்டில் முட்டைகூட அடுப்பேறாது. நீயும் மீன் தின்றவன் இல்லை. அகப்பட்ட மீனை ஈரக்கையால் பிடித்து, முள்ளைக் கழற்றி, தண்ணீருக்குள் விட்டுவிட்டு அது போகிற திசையையே பார்த்துக்கொண்டிருப்பாய். ஆனாலும் வீட்டில் சொல்லப் பயந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்டர் கொடுக்கிற பார்ட்டியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வருவாய். போன் வந்தால் நானும் அதையே சொல்ல வேண்டும் என்பாய். பூச்சி கட்டும் இழைக்கு என் அடுப்படியில் சாயம் போட்டதும் அதனால்தான்.

சாயம் போட நாம் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. திருப்பூரில் இல்லாத நூலா என்றாய். பருத்தி நூல் மலை மாதிரி இருந்தது, ஆனால் தண்ணீரில் நனைந்ததும் துணிக்கந்தல் போல ஒட்டிக்கிடந்தது. கம்பளிதான் ஈரத்திலும் மயிர் சிலிர்த்து நிற்கும், பூச்சியின் உடம்பு போல அசையும். கடையில் உல்லன் என்று கொடுத்ததை வாங்கி மஞ்சளில் ஊறப்போட்டோம். அலசியதும் வெள்ளை வெளேரென்று வந்தது. நுனியைக் கொளுத்திப் பார்த்தால் பிளாஸ்டிக் போல உருகி உருண்டது. நிஜக் கம்பளி என்றால் முடி கருகுகிற வாடை அடிக்க வேண்டும்.

பிறகு சேவூர்ப் பக்கம் கம்பளி முடியுள்ள குரும்பை ஆடு மேய்க்கிறவரிடம் போய்க் கத்தரித்த முடி கேட்டோம். அவர் நம் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, யாருக்காவது செய்வினை வைக்கவா என்று விசாரித்தார். நீ காரிலிருந்து இறங்கி வந்து, பேரன் பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்று ஒரு பொய் சொன்னாய். உனக்குப் பேரனே கிடையாது.

முதல் தடவை முடியைக் கொதிக்கக் கொதிக்க வேகவைத்துக் கெடுத்தோம். சுருங்கி, கெட்டித்து, ஒரே உருண்டையாகிவிட்டது. ஸ்டெல்லா அதைப் பாத்திரம் துலக்க எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் பொறுமை வந்தது. ஆட்டுக் கொழுப்புப் போக வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, படிகாரத்தில் ஊறவைத்து, அடுப்பைக் குறைத்து, கிளறாமல் விட்டு, பாத்திரத்திலேயே ஆறவிட வேண்டும். டீத்தூள் காய்ந்த இலை நிறத்தைக் கொடுத்தது. வெங்காயத் தோல் செம்பழுப்பு. கேசரிப் பவுடரில் வினிகர் ஊற்றிக் கம்பளியைப் போட்டால், நிறம் முழுவதும் கம்பளிக்குள் போய்த் தண்ணீர் தெளிந்துவிடும். அதை முதலில் பார்த்த அன்று நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். டையிங்குக்குத் துணி அனுப்பியே பாதி ஆயுளைக் கழித்தவன், ஒரு கைப்பிடி ஆட்டு முடிக்கு அப்படிச் சந்தோஷப்பட்டாய்.

எல்லோருக்கும் சந்தேகம்தான். சாக்குப் பையில் வெங்காயத் தோல் கேட்டதற்கு மெஸ்காரர், அதில் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று துருவினார். சாக்கடையில் ஆரஞ்சு நிறமாகத் தண்ணீர் போன அன்று எதிர் வீட்டுக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். "ஏனுங்க, ஊட்டுக்குள்ள சாயப்பட்டறை ஓட்டறீங்களா? பொல்யூஷன் ஆபீசுக்கு எழுதிப்போட்டா நம்ம வீதிக்கே கரண்ட்டப் புடுங்கிருவாங்க" என்றார். உள்ளே கூட்டிப்போய் ஒரு லிட்டர் பாத்திரத்தைக் காட்டினேன். அப்போதும் அவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

அதெல்லாம் சிரிக்கிற சந்தேகம். அதற்குப் பிறகு வந்தது வேறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சளில் போட்ட கம்பளி காயவில்லை. என் வெள்ளைத் துண்டில் சுருட்டி எடுத்து வந்தேன், அமராவதிக் கரையில் உலர்த்திக்கொள்ளலாம் என்று. துண்டெல்லாம் மஞ்சள் இறங்கிவிட்டது. ஆற்றில் சலவை சோப்புப் போட்டுக் கசக்கினேன். மஞ்சள் பட்ட இடமெல்லாம் சிவந்து போனது. "ஆரத்தி கரைச்சாச்சு, மாப்பிள்ளை எங்கப்பா?" என்று நீ கேட்டாய். நீ செய்த கடைசிக் கேலி அதுதான்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு கரிக்கிறது, வாயு போலிருக்கிறது என்று வேலமரத்தடியில் உட்கார்ந்தாய். உட்காரும்போது முள் கன்னத்தில் கீறியது. உன் முகம் வியர்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. உன்னைத் தாங்கிக் காருக்குக் கொண்டுவந்து பின்சீட்டில் படுக்கவைத்து, அந்த ஈரத் துண்டைத்தான் மடித்துத் தலைக்குக் கொடுத்தேன். தாராபுரத்து ஆஸ்பத்திரியில் இறக்கும்போது உன் கை என் சட்டையைப் பிடித்திருந்தது. உள்ளே கொண்டுபோன டாக்டர் உடனே வெளியே வந்துவிட்டார். மாரடைப்பு, வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்.

உன் தம்பி குமாரசாமி வந்தார். அழுதார். பிறகு காரை எடுக்கப் போனவர், பின்சீட்டில் கிடந்த துண்டைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். துண்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டார்.

எரித்து முடித்த பிறகுதான் அவருக்கு மனசு அரிக்க ஆரம்பித்திருக்கிறது. பார்ட்டியைப் பார்க்கப் போன அண்ணன் ஆற்றங்கரைக்கு எதற்குப் போனான்? கன்னத்தில் கீறல் எப்படி வந்தது? கூட இருந்தவன் ஒருவன்தான், அவனும் தெற்கத்திக்காரன், நேற்றுவரை சாம்பிள் தைத்தவன். ஓனருக்கும் டெய்லருக்கும் அப்படி என்ன சகவாசம்? கருமாதிக்கு எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. நானாகப் போனேன். பந்தலில் என் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே இருந்தன. உன் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு, காபிகூட வாங்காமல் திரும்பினேன்.

பேச்சு, வீட்டோடு சேர்த்து நான் போட்டிருக்கிற தையல் யூனிட்டுக்கு வர நாளாகவில்லை. நான் உள்ளே நுழைந்தால் டெய்லர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கார் சீட்டெல்லாம் ரத்தமாம் என்று எவனோ சொல்லியிருக்கிறான். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன் மச்சான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஸ்டெல்லா எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். என் தட்டைப் பார்த்தபடியே, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அங்க என்ன நடந்துச்சுன்னு எங்கிட்ட மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அவளுடைய அடுப்பில்தான் அந்த மஞ்சளே கொதித்தது. அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கும் ஆட்கள் மேல் சந்தேகம். யார் சிரித்தாலும் எதற்குச் சிரிக்கிறான் என்று தோன்றியது. போன் அடித்தால் போலீஸாக இருக்குமோ என்று எடுக்கத் தயங்கினேன்.

போன வாரம் காலை, உன் கார் என் வாசலில் வந்து நின்றது. ஒரு கணம் நீதான் இறங்கப் போகிறாய் என்று நினைத்துவிட்டேன். இறங்கியது குமாரசாமியும் சாந்தாமணியும். எத்தனை வருஷப் பழக்கம், உன் மனைவி என் வீட்டுப் படி ஏறியது அன்றுதான் முதல் தடவை. ஸ்டெல்லா கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

குமாரசாமி உட்காரவில்லை. கவரிலிருந்து துண்டை எடுத்துக் கட்டிங் டேபிளின் மேல் விரித்தார். காய்ந்து, பழுப்புச் சிவப்பாக, திட்டுத் திட்டாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கே அது ரத்தம் போலத்தான் தெரிந்தது.

"இது என்னன்னு சொல்லிப்போடுங்க. நான் ஸ்டேஷனுக்குப் போறதா வேண்டாமான்னு அதை வெச்சு முடிவு பண்ணிக்கறேன்" என்றார். குரலில் மரியாதை குறையவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மஞ்சள் என்றேன். மஞ்சள் எந்த ஊரில் சிவப்பாக இருக்கும் என்று கேட்டார். சோப்பு, ஆட்டு முடி, பூச்சி, மீன் என்று நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் பொய் போலவே காதில் விழுந்தது. இட்டுக்கட்டிய கதையைச் சொல்கிறவனைப் பார்ப்பது போல அவர் என்னைப் பார்த்தார். மீன் என்ற வார்த்தை வந்ததும், எங்கள் அண்ணன் மேல் அந்தப் பழியையும் போடாதீர்கள் என்றார்.

அப்போது சாந்தாமணி எழுந்தாள். துண்டின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு அடுப்படி வாசலில் நின்றிருந்த ஸ்டெல்லாவிடம் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று கேட்டாள். அதை நறுக்கி, இருந்ததிலேயே பெரிய திட்டின் மேல் பிழிந்தாள்.

சிவப்பு போய்விட்டது மச்சான். சாறு ஊறிய இடமெல்லாம் பழுப்பு கலைந்து, நம்முடைய மஞ்சள் தெளிந்து வந்தது. அவள் அடுத்த திட்டில் பிழிந்தாள். அதற்கடுத்ததிலும் பிழிந்தாள்.

"ரத்தம் இப்படி ஆகாதுங்க சின்னவரே" என்றாள் குமாரசாமியிடம். "ஆரத்தித் தண்ணியில எலுமிச்சம்பழம் உழுந்தா இப்படித்தான் ஆகும்."

குமாரசாமி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நானும் எதிரே உட்கார்ந்தேன். ஸ்டெல்லா வந்து என் பின்னால் நின்று தோளில் கை வைத்தாள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சாந்தாமணி முடிக்கவில்லை. துண்டைப் பார்த்துக்கொண்டே, அந்த மஞ்சளை யார் கையால் கரைத்தீர்கள் என்று கேட்டாள். நீயும் நானும்தான் என்றேன். இங்கேதானா என்றாள். இந்த அடுப்பில்தான் என்று ஸ்டெல்லா பதில் சொன்னாள். எத்தனை வருஷமாக என்று கேட்டுவிட்டு, பதில் வரும்முன்பே உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு சட்டையில மஞ்சக் கறை இருக்குமுங்கண்ணா. காலர்ல, கையில. நகக்கண்ணுல. நான் கேட்டா கம்பெனியில ஒட்டிருச்சும்பாரு. பனியன் கம்பெனியில மஞ்ச எங்கீங்க வருது? எவளோ மஞ்சப் பூசிக் குளிக்கறவ ஊட்டுக்குப் போறாருன்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமையானா எனக்கு வவுறு எரியும்."

உள்ளே மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். சாந்தாமணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள், பிறகு எடுத்தாள்.

"அவரைக் கொண்டாந்து நடுவூட்டுல போட்டிருந்தப்பக்கூட நான் அழுகலீங்கண்ணா. அவ வந்து அழுகட்டும்னு வாசலையே பாத்துட்டிருந்தேன். வர்ற பொம்பளைக மூஞ்சியெல்லாம் பாத்தேன். எவ, எவன்னு."

நான் உள்ளே போய் நம் தகர டப்பாவையும் சாயம் போட்ட கம்பளியையும் எடுத்து வந்தேன். டீ நிறம், வெங்காயத் தோல் நிறம், கேசரி நிறம், எல்லாவற்றையும் அவள் முன்னால் வைத்தேன். நீ கட்டிய பூச்சி ஒன்று இருந்தது அதில். உடம்பு கோணல், தலையில் முடிச்சு பெரிசு. உன் விரலுக்கு அந்த வேலை கடைசிவரை வரவில்லை. அதைத்தான் அவள் எடுத்தாள். முள் குத்திவிடப் போகிறது என்றேன். குத்தட்டும் என்பது போலக் கையை மூடிக்கொண்டாள்.

இவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன மச்சான்? மீன் பிடிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் நாலு நாள் பேசாமல் இருந்திருப்பாள். ஒருவேளை பாத்திரத்தைத் தனியாக எடுத்து வைத்திருப்பாள். அதற்குப் பயந்து, இல்லாத ஒருத்தியை அவள் நெஞ்சில் குடிவைத்துவிட்டுப் போனாயே.

கிளம்பும்போதுதான் அவள் அதைச் சொன்னாள். சாதாரணமாக, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். நீ போவதற்கு முந்தின வாரம் டாக்டர் உன்னை உடனே ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னாராம். ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறது, உள்ளே டியூப் விட்டுப் பார்க்க வேண்டும் என்றாராம். திங்கட்கிழமை சேர்ந்துகொள்கிறேன் என்று நீ சொன்னாயாம். எனக்குத் தெரிந்திருக்கும் என்றே அவள் நினைத்திருக்கிறாள். அவள் சந்தேகத்தில் அதுவும் ஒன்று. தெரிந்தே நான் உன்னைக் கூட்டிப் போனேன் என்று.

எனக்குத் தெரியாது என்றேன். என் முகத்தைப் பார்த்து அதை மட்டும் உடனே நம்பினாள்.

அன்றிலிருந்து எனக்கு உன் மேல்தான் சந்தேகம். அவிநாசிபாளையத்தில் டீக்கு நிறுத்தினோமே, அப்போது சாவியை என் கையில் கொடுத்து, இன்றைக்கு நீ ஓட்டு என்றாய். உன் காரை நீ யாரிடமும் கொடுத்தவன் இல்லை. தூக்கம் வருகிறது என்று காரணம் சொன்னாய். கரையில் நீ தூண்டிலை வீசவே இல்லை, கழியை என்னிடம் நீட்டிவிட்டாய். எனக்கு அப்போது தோன்றவில்லை, இப்போது ஒவ்வொன்றாகத் தோன்றுகிறது. உனக்குத் தெரியுமா மச்சான்? தெரிந்துதான் வந்தாயா? ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட மனசில்லாமல் வந்தாயா, அல்லது ஆஸ்பத்திரிக்குப் பயந்து ஆற்றுக்கு வந்தாயா? என்னிடம் சொல்லியிருந்தால் காரை அந்த டீக்கடையிலேயே திருப்பியிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லையா?

குமாரசாமிக்கு இன்னும் முழுதாகத் தெளியவில்லை. கன்னத்துக் கீறலைப் பற்றி மறுபடி கேட்டார். வேலமுள் என்றேன். தலையை ஆட்டினார், ஒப்புக்கொண்ட ஆட்டம் இல்லை அது. எலுமிச்சை பிழிந்த ஈரத்தோடு துண்டை மடித்து அதே கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அண்ணனைப் பறிகொடுத்தவர், அவருக்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சாந்தாமணி சொல்லியிருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். ஸ்டெல்லாவும் வருகிறாள். குமாரசாமியும் வருகிறேன் என்றார். நான் காட்டுகிற மரமும் முள்ளும் சொன்னபடி இருக்கிறதா என்று பார்க்கத்தான் வருகிறார், எனக்குத் தெரியும். வரட்டும். பார்க்கட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன்னைப் பற்றி அவள் எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்வேன். நீ எப்படி மீனை விட்டாய், எதற்குச் சிரித்தாய், எங்கே உட்கார்ந்தாய், எப்படிப் படுத்தாய், எல்லாவற்றையும். பிறகு அந்த வேலமரத்தடியில் அவளை உட்காரவைத்துவிட்டு நாங்கள் தள்ளி நின்றுகொள்கிறோம். அவள் அழ வேண்டியது அத்தனையும் பாக்கி இருக்கிறது. அழுது முடித்து அவளாக எழுந்து வரும்வரை, இருட்டினாலும் சரி, உன் தம்பியே வந்து கூப்பிட்டாலும் சரி, யாரையும் அவளிடம் போக விடமாட்டேன்.

சாந்தாமணிக்கு அண்ணனும்
உனக்கு மச்சானுமான,
அருள்